பச்சை யூகலிப்டஸ் கிழிக்கும்போது பெட்டரி வட்ட வாள் நின்று நின்று போகிறது

லிந்துலை தச்சன்:
எல்லாருக்கும் வணக்கம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரை மாற்றும் வேலை ஒன்று எடுத்திருக்கிறேன். கைமரமும் ரீப்பரும் அரிய என்னிடம் இருப்பது 18 வோல்ட் பெட்டரி வட்ட வாள்தான். 165 மில்லிமீற்றர் பிளேட், 2 ஆம்பியர்-மணி (Ah) பெட்டரி. காலையில் வேலை தொடங்கினால் நாலுக்கு ரெண்டு கட்டையில் கொஞ்ச தூரம் போனதும் டக்கென்று நின்றுவிடுகிறது. ஸ்விட்சை விட்டுத் திரும்ப அழுத்தினால் ஓடும், மறுபடியும் நிற்கும். பெட்டரி லைட் முழுசாகத்தான் காட்டுகிறது. மரம் யூகலிப்டஸ், மில்லில் அரிந்து வந்த ஈரம் இன்னும் காயவில்லை. குறுக்கே வெட்டுவதில் அவ்வளவு கஷ்டம் இல்லை, நீளவாக்கில் கிழிக்கும்போதுதான் உயிர் போகிறது. வெட்டிய பக்கம் கருகிப் புகையும் வருகிறது. கடையில் கேட்டால் பெட்டரி செத்துவிட்டது, புதுசு வாங்கு என்கிறார்கள். கூரை பிரித்துக் கிடக்கிறது, மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹட்டன் மோட்டர் வேலை:
2 ஆம்பியர்-மணி பெட்டரிக்குள் 5 செல் (சின்னச் சின்ன பெட்டரிகள்) ஒரே வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் 3.6 வோல்ட், அதனால்தான் 18. 5 ஆம்பியர்-மணி பெட்டரியில் பெரும்பாலும் இதே மாதிரி இரண்டு வரிசை, மொத்தம் 10 செல். பாரம் இரண்டாகப் பிரிவதால் ஒவ்வொரு செல்லுக்கும் பாதிச் சுமைதான். லைட் காட்டுவது சும்மா இருக்கும்போது உள்ள நிலைமை; பிளேட் மரத்தில் இறங்கியதும் வோல்ட் சரிந்துவிடும், குளிரில் இன்னும் கூடுதலாகச் சரியும். வாங்குவதற்கு முன்னால் யாரிடமாவது ஒரு பெரிய பெட்டரி இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள் தம்பி.

பண்டாரவளை பாஸ்:
மேலே சொன்னது சரியான பேச்சு. ஆனால் தம்பி, கருகலும் புகையும் பெட்டரியால் வருவதில்லை. பிளேட் மரத்தை வெட்டாமல் உரசிக்கொண்டு இருந்தால்தான் அது வரும். மோட்டருக்குப் பாரம் கூடியதும் மெசின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிற்கிறது. அதனால்தான் ஸ்விட்சை விட்டு அழுத்தினால் திரும்ப ஓடுகிறது. இந்தப் பிளேட்டோடு புதுப் பெட்டரி போட்டாலும் அதே இடத்தில் இறுகும்.

முதலில் மரம். யூகலிப்டஸ் நிற்கும்போதே உள்ளுக்குள் இறுக்கத்தோடுதான் வளரும். நீளவாக்கில் கிழிக்கக் கிழிக்க அந்த இறுக்கம் அவிழ்ந்து, இரண்டு பாதியும் வளையப் பார்க்கும். வெளிப்பக்கம் வளைந்தால் பிரச்சினை இல்லை. உட்பக்கம் வளைந்தால் அறுத்த வாய் மூடிக்கொண்டு பிளேட்டைக் கவ்விப் பிடிக்கும். பச்சை மரத்தில் ஈரத் தூளும் வாயை அடைக்கும். ஒரு முழம் அரிந்ததும் ஸ்விட்சை விடுங்கள், பிளேட் முழுசாக நிற்கட்டும். பிளேட்டுக்குப் பின்னால் அறுத்த வாயில் மெல்லிய மர ஆப்பு ஒன்று வையுங்கள். வாயைப் பிளக்கும் அளவுக்கு அடிக்க வேண்டாம், மூடாமல் தாங்கினால் போதும். அப்புறம் மேலே போங்கள். பிளேட்டுக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள், கவ்வினால் மெசின் பின்னுக்கு எகிறும். ஒரு பக்கமாக நின்றுதான் தள்ள வேண்டும்.

அடுத்தது பிளேட். பெட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, பிளேட்டை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒவ்வொரு பல்லின் நுனியிலும் சாம்பல் நிறத்தில் சின்ன கார்பைட் துண்டு ஒட்டியிருக்கும். அதன் விளிம்பு கூராக இருந்தால் வெளிச்சம் அதில் தங்காது. மழுங்கியிருந்தால் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு மினுங்கும். அந்தக் கோடு தெரிந்தால் பிளேட் தீட்டக் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. பல்லின் பக்கவாட்டில் தேயிலைச் சாயம் போலப் பழுப்பாகப் படிந்திருப்பது பிசின். அது தடித்தால் பிளேட் வாயில் இறுகும். வெந்நீரில் அப்பச்சோடா கரைத்துக் கொஞ்ச நேரம் ஊற வைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். நன்றாகத் துடைத்துக் காய வைத்து மாட்டுங்கள், நம் பக்கத்துப் பனிக்குச் சீக்கிரம் துருப் பிடிக்கும். மாட்டும்போது பிளேட்டிலுள்ள அம்புக்குறியும் மெசினிலுள்ள அம்புக்குறியும் ஒரே பக்கம் பார்க்கட்டும்.

எத்தனை பல் என்றும் எண்ணிப் பாருங்கள். நீளவாக்கில் கிழிக்க 24 பல் நல்லது. 40 பல் குறுக்கு வெட்டுக்கும் சுத்தமான விளிம்புக்கும். ஆழமும் முக்கியம்: பிளேட் மரத்துக்குக் கீழே ஒரு பல் அளவு நீட்டினால் போதும்.

லிந்துலை தச்சன்:
அண்ணே, ரொம்ப நன்றி. எண்ணிப் பார்த்தேன், 40 பல். பிசினும் அப்பிக் கிடந்தது. கழுவி மாட்டி, ஆப்பு வைத்துக் கிழித்தேன், மெதுவாகப் போனாலும் நிற்காமல் போகிறது. நாளைக்கு 24 பல் பிளேட் வாங்கப் போகிறேன். இன்னும் இரண்டு விஷயம். விடியக் காலையில் சார்ஜரில் போட்டால் லைட் மின்னிக்கொண்டே இருக்கிறது, சார்ஜ் ஏறுவதில்லை. பிளேட்டை மூடும் கீழ்க் கவசமும் மெதுவாகத்தான் மூடுகிறது. கம்பியால் மேலே கட்டிவிட்டால் வேலை சுலபம் என்று கூட வேலை செய்கிறவர் சொல்கிறார்.

ஹட்டன் மோட்டர் வேலை:
சார்ஜர் பழுதில்லை. செல் குளிர்ந்து கிடந்தால் பல கம்பனி சார்ஜர்கள் காத்துக்கொண்டு இருக்கும். மகிட்டா கையேட்டில் 10 முதல் 40 பாகை செல்சியஸ் வரை உள்ள இடத்தில் சார்ஜ் செய்யச் சொல்லியிருக்கிறது. சைபர் பாகைக்குக் கீழே லித்தியம் செல்லில் சார்ஜ் ஏற்றினால் உள்ளே நிரந்தரமாகக் கெட்டுவிடும். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியா பக்கம் உறைபனி விழுவது தெரிந்ததுதானே. இராத்திரி பெட்டரியை வீட்டுக்குள்ளே வையுங்கள், அடுப்போரம் மட்டும் வேண்டாம். வேலை முடிந்த சூட்டோடும் போடாதீர்கள், கை பொறுக்கும்படி ஆறட்டும்.

பண்டாரவளை பாஸ்:
கவசத்தைக் கட்டவே கூடாது தம்பி. கூரையில் நின்று வெட்டி முடித்து மெசினைக் கீழே இறக்கும்போது பிளேட் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். தொடைக்கும் அதற்கும் நடுவில் இருப்பது அந்தத் தகடு ஒன்றுதான். பெட்டரியைக் கழற்றிவிட்டு, கவசத்தின் சந்தில் இறுகிய தூளையும் பிசினையும் பிரஷ்ஷால் எடுங்கள். கிரீஸ் பூச வேண்டாம், தூள் இன்னும் ஒட்டும். கையால் முழுசாகத் திறந்து விட்டுப் பாருங்கள், தானாகப் பட்டென்று மூட வேண்டும். அப்படியும் இழுத்து இழுத்து மூடினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது கவசம் வளைந்திருக்கிறது. அதைச் சரிசெய்து எடுக்கும் வரை மெசினைத் தூக்காதீர்கள், மிச்ச ரீப்பரைக் கைவாளால் அரிந்துகொள்ளலாம்.