உதவி: செய்மதி மாதிரியின் சோலார் தகட்டில் வோல்ட் இருக்கிறது, ஓட்டம் இல்லை

ஹட்டன் மாணவி:
பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்கு இலங்கையின் ராவணா-1 செய்மதியைப் போல ஒரு சின்னக் கனசதுரச் செய்மதி மாதிரி செய்கிறோம். பக்கம் 10 சென்ரிமீற்றர். மேல் முகத்தில் வளையும் அமோர்ஃபஸ் சிலிக்கன் (மெல்லிய படல வகை) தகடு, அதற்கு மேலே இரும்பு அளவு நாடாவை வெட்டிச் செய்த அன்ரனா. வெறும் தகடு நல்ல வெயிலில் 60 மில்லிஅம்பியர் தந்தது. அன்ரனா பூட்டியதும் 6க்கு இறங்கிவிட்டது. ஆனால் மல்டிமீற்றரில் வோல்ட் 7க்கு மேல்! காலைப் பனிமூட்டத்திலும் இதே கதைதான். தகடு பழுதா?

பதுளை வயர்மேன்:
மலிவான தகடாக இருக்கும் தங்கச்சி. வேறு ஒன்று வாங்குங்கள்.

கொட்டகலை சேர்:
அவசரப்பட்டு வாங்க வேண்டாம். வெறும் தகடு 60 தந்ததே, அப்புறம் என்ன பழுது? பனிமூட்டத்தை முதலில் ஒதுக்கிவிடுவோம். வெளிச்சம் குறைந்தால் ஓட்டம் அதே அளவுக்குக் குறையும், வோல்ட் கொஞ்சம்தான் இறங்கும். சுமை (ஓட்டத்தை எடுக்கும் மின்குமிழ் போன்ற ஒன்று) பூட்டாமல் வோல்ட்டை மட்டும் பார்த்துத் தகட்டை எடைபோடக் கூடாது.

அன்ரனா விஷயம் வேறு. தகட்டை உற்றுப் பாருங்கள், மெல்லிய கோடுகள் தெரியும். இரண்டு கோட்டுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு பட்டையும் ஒரு கலம், எல்லாம் தொடரில் இருக்கின்றன. நிழல் ஒரு பட்டையின் நீளத்துக்கு அப்படியே படுத்தால் அந்தக் கலம் ஓட்டத்தை அடைத்துவிடும், மற்றவை வெயிலில் இருந்தும் பயனில்லை. தகட்டை 90 பாகை திருப்பி ஒட்டுங்கள். நிழல் பட்டைகளுக்குக் குறுக்கே போனால் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம்தான் இழக்கும்.

ஹட்டன் மாணவி:
நன்றி சேர். பட்டைகள் அன்ரனாவோடு ஒரே திசையில்தான் இருக்கின்றன, நாளைக்குத் திருப்புகிறோம். இன்னொன்று: விண்வெளியில் சதுர மீற்றருக்கு 1361 வாற்று, தரையில் நல்ல வெயிலில் 1000. அப்படியென்றால் அங்கே 1.36 மடங்கு கிடைக்கும் என்று பலகையில் எழுதலாமா?

கொட்டகலை சேர்:
எழுத வேண்டாம். அந்த மேலதிக ஒளியில் ஒரு பகுதி புற ஊதா, ஒரு பகுதி அகச்சிவப்பு. அமோர்ஃபஸ் சிலிக்கன் அகச்சிவப்பை அனேகமாக விட்டுவிடும். அதனால் ஆதாயம் 1.36 மடங்கை எட்டாது.

நடுவர்கள் வேறொன்றும் கேட்பார்கள்: பல செய்மதிகளில் சுமார் 30 சதவீதம் திறனுள்ள மூன்றடுக்குக் கலங்கள் இருக்க, மெல்லிய படலம் எதற்கு? எடைக்காக என்று சொல்லுங்கள். ஜப்பான் 2010இல் அனுப்பிய இகாரோஸ், சூரிய ஒளி தள்ளுவதால் நகரும் பாய்மர விண்கலம்; அதன் பாய் 14 மீற்றர் சதுரம். அதன்மேல் ஒட்டிய அமோர்ஃபஸ் சிலிக்கன் கலங்கள் தலைமுடியை விட மெல்லியவை. அதைச் சுருட்டி ஏற்றி, மேலே போன பிறகு விரித்தார்கள். கண்ணாடித் தகட்டை அப்படிச் சுருட்ட முடியுமா?

பதுளை வயர்மேன்:
சேர் சொல்வது சரி, வாங்க வேண்டாம். பக்க முகங்களிலும் தகடு ஒட்டி எல்லாவற்றையும் சமாந்தரமாக இணைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷொட்கி டையோடு (ஓட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சின்ன உறுப்பு) போடுங்கள். இல்லாவிட்டால் நிழலில் இருக்கும் முகம் வெயில் முகத்தின் ஓட்டத்தைத் தின்னும்.

ஹட்டன் மாணவி:
திருப்பி ஒட்டியாச்சு. அன்ரனாவோடு 51 வருகிறது. அடுத்தது டையோடுதான் அண்ணா, டவுன் கடையில் கேட்டுப் பார்க்கிறோம்.