தென் சென்னை மட்டும் ஏன் தனி வழி? 1957 முதல் 2024 வரை

மாம்பலத்தான்:
சென்னையின் எம்.பி. தொகுதிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 1977-ல் வட சென்னை தி.மு.க.வின் ஆசைத்தம்பிக்கு, மத்திய சென்னை ஸ்தாபன காங்கிரஸின் (காங்கிரஸ் பிளவில் இந்திராவுக்கு எதிராக நின்ற அணி) பா. ராமச்சந்திரனுக்கு. தெற்கில் மட்டும் தி.மு.க.வின் முரசொலி மாறனைத் தோற்கடித்து காங்கிரஸின் ஆர். வெங்கட்ராமன் (ஆர்.வி.) ஜெயித்தார். 1984-ல் தமிழ்நாடு முழுக்க தி.மு.க. வென்றதே வட சென்னை, மத்திய சென்னை என்ற இரண்டில்தான், தெற்கில் காங்கிரஸின் வைஜெயந்திமாலா. 2009-லும் மற்ற இரண்டும் தி.மு.க., தெற்கு மட்டும் அ.தி.மு.க.வின் சி. ராஜேந்திரன். 1962-ல் இது தலைகீழ்: வடக்கில் காங்கிரஸ், தெற்கில் தி.மு.க.வின் நாஞ்சில் மனோகரன். டி.டி. கிருஷ்ணமாச்சாரி, அண்ணா, ஆர்.வி. என்று இங்கே ஜெயித்தவர்களின் பட்டியலே சொல்கிறது, இந்தத் தொகுதி ஆளைப் பார்த்துதான் ஓட்டுப் போடுகிறது.

கூட்டல்கழித்தல்:
ஆள் என்றால் 1984-ல் இரா. செழியன் அல்லவா ஜெயித்திருக்க வேண்டும்? நாடாளுமன்ற அனுபவத்தில் அவருக்கு முன்னால் வைஜெயந்திமாலா புதுமுகம். செழியன் நின்றது ஜனதா சின்னத்தில். வடக்கிலும் மத்தியிலும் உதயசூரியன் இருந்தது, தெற்கில் இல்லை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

ஆர்.வி.யை எடுங்கள். 1977-ல் அ.தி.மு.க. கூட்டணியில் நின்று தி.மு.க.வை வென்றார். 1980-ல் அதே தி.மு.க.வின் தோளில் ஏறி மறுபடி வென்றார். ஆள் மாறவில்லை, தூக்கிவிட்ட கைதான் மாறியது. 1989 ஜனவரியில் ஆட்சியைப் பிடித்த தி.மு.க., நவம்பரில் ஒரு எம்.பி. தொகுதியில்கூட ஜெயிக்கவில்லை. இங்கே தோற்ற ஆலடி அருணாவிடம் என்ன குறை? எதிரே காங்கிரஸும் அ.தி.மு.க.வும் சேர்ந்து நின்றன, அவ்வளவுதான்.

எல்லைக்கோடு:
2009-ஐ இருவருமே வேகமாகத் தாண்டிவிட்டீர்கள். 2008 தொகுதி எல்லை மறுவரையறைக்கு முன்பு தென் சென்னை என்பது தி. நகர், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், சைதாப்பேட்டை, ஆலந்தூர், தாம்பரம். 2006 சட்டமன்றத் தேர்தலில் முதல் நான்கும் அ.தி.மு.க.வுக்குப் போயின, ஆலந்தூரும் தாம்பரமும் மட்டுமே தி.மு.க. வென்றவை. மறுவரையறையில் அந்த இரண்டும் ஸ்ரீபெரும்புதூருக்கும், திருவல்லிக்கேணி மத்திய சென்னைக்கும் போய்விட்டன. விருகம்பாக்கம், வேளச்சேரி, சோழிங்கநல்லூர் என்று புதிதாக மூன்று வந்தன. 1996, 98, 99, 2004 என நான்கு முறை இங்கே வென்ற தி.மு.க.வின் டி.ஆர். பாலு தாம்பரத்தோடு சேர்ந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் போய் அங்கே ஜெயித்தார். இங்கே ஆர்.எஸ். பாரதி 32,935 ஓட்டில் தோற்றார்.

கூட்டல்கழித்தல்:
இதில் ஒரு முரண் இருக்கிறது. எம்.ஜி.ஆர். 1967-லும் 1971-லும் சட்டமன்றத்துக்கு வென்றது பரங்கிமலையில். அந்தப் பகுதிதான் 1977-ல் ஆலந்தூர் ஆனது. அவருடைய சொந்தக் களம் கழன்று போனால் தி.மு.க.வுக்கு லாபம்தானே?

எல்லைக்கோடு:
1977-ன் ஆலந்தூரும் 2006-ன் ஆலந்தூரும் ஒரே ஓட்டு வங்கி கிடையாது. இடையில் முப்பது வருடம், எத்தனையோ புது நகர்கள், புதுக் குடும்பங்கள். எல்லை நகர்ந்ததன் விளைவைப் பார்க்க, நகர்ந்த அன்றைய பலத்தைத்தான் எடுக்க வேண்டும். அதற்கு 2006-ஐவிட நெருக்கமான அளவுகோல் கிடையாது.

மாம்பலத்தான்:
கூட்டணிதான் எல்லாம் என்றால் 1998? கோவை குண்டுவெடிப்புக்குப் பிந்தைய தேர்தல். அ.தி.மு.க. – பா.ஜ.க. அணிக்கு 39-ல் 30. ஆனால் பா.ஜ.க.வின் ஜனா கிருஷ்ணமூர்த்தி இங்கே பாலுவிடம் தோற்றார்.

கூட்டல்கழித்தல்:
அந்த வருடம் சென்னையின் மூன்றுமே தி.மு.க.வுக்குத்தான் போயின. நகரத்தில் தி.மு.க.வோடு கூட்டணியில் இருந்த மூப்பனாரின் த.மா.கா. (தமிழ் மாநில காங்கிரஸ்) ஓட்டு இன்னும் கரையாமல் இருந்தது. அதில் பாலுவின் தனிச் செல்வாக்கு எங்கே தெரிகிறது?

மாம்பலத்தான்:
சரி, இப்போதைய கணக்குக்கே வருவோம். 2019-ல் தி.மு.க.வின் தமிழச்சி தங்கபாண்டியன் 5.64 லட்சம், அ.தி.மு.க.வின் ஜெயவர்தன் 3.02 லட்சம், மக்கள் நீதி மய்யத்தின் ரங்கராஜன் 1.35 லட்சம். 2024-ல் மய்யம் தி.மு.க. பக்கம் வந்துவிட்டது. உங்கள் கூட்டல்படி தமிழச்சி 7 லட்சத்தைத் தொட்டிருக்க வேண்டும். வந்தது 5.16 லட்சம். பா.ஜ.க.வின் தமிழிசை 2.9 லட்சம், ஜெயவர்தன் 1.72 லட்சம். கட்சித் தலைவர் கைகாட்டிய இடத்துக்கு இந்த வாக்காளர் போகவில்லை.

கூட்டல்கழித்தல்:
மய்யத்தின் ஓட்டு முழுதாக வந்து சேரவில்லை, ஒத்துக்கொள்கிறேன். மறுபக்கத்தையும் கூட்டுங்கள்: தமிழிசையும் ஜெயவர்தனும் சேர்ந்து சுமார் 4.63 லட்சம். சேர்ந்து நின்றிருந்தாலும் தமிழச்சியைத் தொட்டிருக்க முடியாது. பிரிந்து நின்றதால் வித்தியாசம் 2,25,945 ஆனது.

எல்லைக்கோடு:
மொத்த எண்ணை வைத்துக்கொண்டு 'இந்த ஓட்டு அங்கே போனது' என்று இருவருமே சொல்ல முடியாது. இரண்டு தேர்தலின் படிவம் 20-ஐயும் (ஒவ்வொரு சாவடியிலும் யாருக்கு எத்தனை ஓட்டு என்ற முடிவுத் தாள்) எடுத்து வாக்குச்சாவடி வாரியாக ஒப்பிட வேண்டும். அதில் மூன்று இடங்களில் வழுக்கும்.

சாவடி எண்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். எண்ணை வைத்து இணைக்காமல், சாவடிப் பட்டியலில் உள்ள பள்ளியின் பெயரையும் தெருக்களையும் வைத்து இணையுங்கள். ஒரே பள்ளியில் நான்கைந்து சாவடிகள் இருந்தால் அவற்றைச் சேர்த்து ஒரே அலகாக எடுங்கள். இல்லையென்றால் பட்டியலைப் பிரித்ததால் வந்த மாற்றத்தை மனம் மாறியது என்று படித்துவிடுவீர்கள்.

அடுத்து, தபால் ஓட்டு எந்தச் சட்டமன்றப் பகுதிக்கும் சேராது. எம்.பி. தொகுதி மொத்தத்தில் கடைசியில்தான் வரும். ஆறு பகுதிகளையும் கூட்டி 'கணக்கு உதைக்கிறது' என்று பலர் குழம்புவது இதனால்தான்.

மூன்றாவது சோழிங்கநல்லூர். 2024-ல் அங்கே மட்டும் 6 லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள் இருந்தார்கள், அதுவரை ஒவ்வொரு முறையும் புதிதாக ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். அதை மற்ற ஐந்தோடு கலந்து சராசரி எடுத்தால் மயிலாப்பூரில் நடந்தது கண்ணுக்கே தெரியாது. தனியாக வையுங்கள்.

பழைய தேர்தல்களுக்கு இந்த வழி உதவாது. வாக்குச்சீட்டைக் கலந்து எண்ணிய காலத்துக்குச் சாவடி விவரம் கிடைக்காது. 2004-லிருந்துதான் முழுசாக மின்னணு இயந்திரம். ஆகவே 1977, 1984 பற்றிய உங்கள் சண்டையை இதை வைத்துத் தீர்க்க முடியாது.

மாம்பலத்தான்:
அப்படியானால் தி. நகரிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2021 சட்டமன்றத் தேர்தலில் வெறும் 137 ஓட்டில் தி.மு.க. ஜெயித்த பகுதி அது. 2019-ல் மய்யத்துக்கு அதிகம் விழுந்த சாவடிகளை முதலில் எடுத்து, அதே தெருக்களில் 2024-ல் யார் ஏறினார்கள் என்று பார்க்கிறேன்.

கூட்டல்கழித்தல்:
சைதாப்பேட்டையை நான் எடுக்கிறேன். அங்கே ஆளைவிடக் கட்சிதான் பேசும் என்பது என் வாதம், எண்களோடு வருகிறேன்.