ஸ்பானிஷ் கட்டளை வினை: 'ஆப்ரே'வா, 'ஆப்ரா'வா? உதவி தேவை

கேள்வி:
வணக்கம். மாட்ரிட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. நேற்று 86 வயதுப் பாட்டி ஒருவருக்கு சூப் ஊட்டும்போது, கரண்டியை நீட்டிக்கொண்டு, வாயைத் திறங்கள் என்ற நினைப்பில் 'ஆப்ரே லா போகா' என்று சொல்லிவிட்டேன். கூட வேலை செய்பவர் மெதுவாக 'ஆப்ரா' என்று திருத்தினார். ஆப்லார் (பேசுதல்) வினைக்கு மரியாதைக் கட்டளை 'ஆப்லே' என்றுதானே படித்தேன், அப்போது ஏகாரம்தானே மரியாதை? ஆனால் பாட்டியைப் பார்க்க வந்த பேரனிடம் அவன் அம்மா 'நோ ஆப்ராஸ்' என்கிறார், குழந்தைக்குப் போய் 'ஆ' ஒலி! பாட்டியிடம் மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டேனோ என்று இரவெல்லாம் மனசு கேட்கவில்லை.

பதில் 1:
ஏகாரம், ஆகாரம் எதுவும் தனியாக மரியாதை இல்லை, வினைக்கு உரிய உயிரெழுத்து மாறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஆர் என்று முடியும் வினைக்கு உரியது ஆ, ஏர், ஈர் என்று முடிபவற்றுக்கு ஏ. 'அவன் பேசுகிறான்' ஆப்லா, 'சாப்பிடுகிறான்' கோமே, 'திறக்கிறான்' ஆப்ரே. இதையே ஒருவர் முகம் பார்த்துச் சொன்னால் பேசு, சாப்பிடு, திற. அது 'தூ', நம் 'நீ'. மரியாதைக்கு, அதாவது 'உஸ்தெத்'துக்கு, எழுத்தை மாற்றிப் போடுங்கள்: ஆப்லே, கோமா, ஆப்ரா. நாம் 'ங்கள்' சேர்க்கிற இடத்தில் அவர்கள் கடைசி உயிரை மாற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்ட 'நோ ஆப்ராஸ்' மறுப்பு, திறக்காதே. மறுப்பில் 'நீ'க்கும் எழுத்து மாறி ஒரு 'ஸ்' ஒட்டும். இரண்டையும் கலந்துவிட்டீர்கள், சிக்கல் அங்கேதான்.

வேலையில் தினமும் வருபவை: 'கோமா உன் போகோ' (கொஞ்சம் சாப்பிடுங்கள்), 'பேபா ஆகுவா' (தண்ணீர் குடியுங்கள்), 'தோமே லா பஸ்தியா' (மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள்), 'எஸ்பேரே' (பொறுங்கள்). வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். அப்புறம், ஸ்பெயினில் 'தூ' சகஜம், பாட்டி தப்பாக நினைத்திருக்க மாட்டார்.

பதில் 2:
அண்ணா சொன்னது சரி. அர்ஜென்டினாவில், சிலியில் சாலையோரச் சிவப்புப் பலகையில் 'பாரே' என்று எழுதியிருக்கும், நிறுத்துங்கள் என்று. பரார் வினை, ஆர் முடிவு, அதனால் ஏ. எனக்கு இந்த விதி மனதில் நின்றது அந்தப் பலகையால்தான்.

பலர் இருந்தால் மரியாதை வடிவத்தோடு 'ன்' சேருங்கள்: கோமான், ஆப்ரான். ஸ்பெயினில் நண்பர்கள் கூட்டமாக இருந்தால் கொமேர் என்பதன் 'ர்' போய் 'த்' வரும், கொமேத். அர்ஜென்டினாவில் 'நீ'க்குக் கடைசி அசையை அழுத்தி 'கொமே' என்பார்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா. இன்று மதியம் 'ஆப்ரா' என்றேன், பாட்டி உடனே வாயைத் திறந்தார். சூப்பைக் காட்டி 'அதைச் சாப்பிடுங்கள்' என்றால் 'கோமாலா'தானே?

பதில் 1:
ஆமாம், சூப்புக்கான ஸ்பானிஷ் சொல் 'சோபா' பெண்பால் என்பதால் 'லா' வினையின் வாலில் ஒட்டும். அழுத்தம் 'கோ'விலேயே நிற்கட்டும், எழுதும்போது அந்த எழுத்தின் மேல் ஒரு கோடு போடுங்கள். வேண்டாம் என்று சொல்லும்போது மட்டும் 'லா' முன்னால் போய்விடும்: 'நோ லா கோமா'.