பொழுதுபோக்கா வரைஞ்ச படம் வைரல் ஆயிடுச்சு, இப்ப வரையவே கை வரல

மைத்துளி:
வேலை முடிஞ்சு வந்து பால்பாயிண்ட் பேனாவுல பூனை வரையறதுதான் என் பொழுதுபோக்கு, இன்ஸ்டாவுல 140 பேர் இருந்தாங்க, பாதிப்பேர் தெரிஞ்சவங்க. போன மாசம் ஒரு ரீல் பரவி இப்ப 30 ஆயிரம் தாண்டிடுச்சு. மொத ரெண்டு நாள் சந்தோஷத்துல தூக்கமே வரல. இப்ப டிஎம் தெறந்தா "என் பூனைய வரைஞ்சு தாங்க", "பெரிய ஆளாயிட்டீங்களா, பதிலே காணோம்"னு வருது, மரம் வரைஞ்சு போட்டா பூனை எங்கன்னு கேக்குறாங்க. அன்பாதான் கேக்குறாங்க, அதான் இன்னும் கஷ்டமா இருக்கு. மூணு வாரமா பேனாவ தொடல. இத தாண்டி வந்தவங்க யாராச்சும் சொல்லுங்களேன்.

கரிக்கோடு:
எனக்கும் ஆச்சு. எல்லாருக்கும் பதில் போடணும்னு உக்காந்து தெனமும் ராத்திரி அதுலயே போயிடுச்சு, வரைய நேரமே மிஞ்சல. இப்ப பயோலயே "ஆர்டர் எடுத்து வரையறதில்ல, எல்லாம் படிக்கிறேன், பதில் போட முடியறதில்ல"ன்னு எழுதிட்டேன், பாதி கேள்வி நின்னுடுச்சு. விடாம நச்சரிக்கறவங்கள ரெஸ்ட்ரிக்ட் பண்ணிடுங்க, அவங்க போடுற கமெண்ட் நீங்க அனுமதிச்சாதான் மத்தவங்களுக்கு தெரியும், மெசேஜ் ரிக்வெஸ்ட்டுக்கு போயிடும், அவங்களுக்கு நோட்டிஃபிகேஷனும் போகாது. பிளாக் பண்ற அளவுக்கு போக வேண்டாம்.

வண்ணக்குடுவை:
செட்டிங்ஸ் எல்லாம் சரி, ஆனா கை வரலங்கறது வேற விஷயம் மைத்துளி. 1973-ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு பேர் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, வரையறதுல ஆசையா இருந்த நர்சரி புள்ளைங்கள வச்சு. வரைஞ்சா சர்டிபிகேட் தருவோம்னு முன்னாடியே சொல்லி வரைய வச்ச புள்ளைங்க, அப்புறம் சும்மா விட்டப்போ மத்தவங்கள விட பாதி நேரம்தான் வரைஞ்சாங்க. சொல்லாம திடீர்னு குடுத்த புள்ளைங்களுக்கு ஆசை குறையல. ஒங்க ரீல் திடீர்னு வந்த பரிசு, அது ஒண்ணும் பண்ணல. இப்ப ஒவ்வொரு படத்துக்கும் லைக் எவ்ளோ வரும்னு யோசிச்சுட்டே பேனா எடுக்கறீங்க பாருங்க, அங்கதான் அடைக்குது. ஒரு நோட்டு தனியா வைங்க, அதுல வரையறத யாருக்கும் காட்டாதீங்க.

ஈரத்தாள்:
நான் ரெண்டாவது அக்கவுண்ட் பேர் இல்லாம வச்சிருக்கேன், அங்க 12 பேர்தான். கிறுக்கல் எல்லாம் அங்கதான் போகும். ஆனா கெஞ்சி கேக்குறேன், மெயின் அக்கவுண்ட்ட கோவத்துல டெலீட் பண்ணிடாதீங்க, நான் பண்ணிட்டு இன்னிக்கும் வருத்தப்படுறேன்.

மைத்துளி:
நேத்து நைட் ஃபோன பக்கத்து ரூம்ல வச்சிட்டு கதவுத் தாழ்ப்பாள் ஒண்ணு வரைஞ்சேன், கோணலா வந்துச்சு, நோட்டுலயே இருக்கு. பயோ இன்னிக்கு மாத்திடறேன்.