புதுப்பிப்பு: திருச்சி வீடு, சமையலறையைத் தொடவில்லை

அப்பா கட்டிய திருச்சி வீட்டை விற்கும் முன் மாடுலர் கிச்சன் போடலாமா, தரைக்கு டைல்ஸ் மாற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டையும் செய்யவில்லை. "முதலில் மொட்டை மாடியைப் பாருங்க" என்று ஒருவர் சொன்னதுதான் சரியாகப் பட்டது.

மேலே ஏறிப் பார்த்தால், தட்டோடுகளின் இடுக்கில் பூச்சு உதிர்ந்து, கைப்பிடிச் சுவர் ஓரமாகப் புல்லே முளைத்திருந்தது. அந்த வழியாக இறங்கிய தண்ணீர்தான் படுக்கையறைக் கூரையில் பொருக்குப் பொருக்காகச் சுண்ணாம்பை உதிர்த்திருக்கிறது. கொத்தனார் இடுக்குகளைச் சுரண்டி, நீர்க்கசிவைத் தடுக்கும் கலவை சேர்த்த சிமெண்டால் அடைத்தார். ஓரத்தை வளைவாகப் பூசினார். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிப் பார்த்தோம். கீழே ஒரு சொட்டுக்கூட இல்லை. ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகே பெயிண்ட். ஈரத்தோடு அடித்தால் குமிழ் விடும். வாங்குபவரிடம் அப்படி மறைக்கவும் எனக்கு மனமில்லை.

அப்புறம், பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தது. வாரிசுச் சான்றிதழ் வைத்து மாற்ற விண்ணப்பித்துவிட்டேன். சொத்தின் மேல் அடமானம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்றும் எடுத்தாயிற்று.

வீடு பார்க்க வந்த தம்பதி, "சமையலறையை நாங்களே எங்களுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கிறோம்" என்றார்கள். அவர்கள் அதிக நேரம் அண்ணாந்து பார்த்தது அந்தப் படுக்கையறைக் கூரையைத்தான்.