தாத்தா வீட்டுத் திண்ணை: டெலஸ்கோப் ஏறுற வண்டி எது?

ஜூலை 11, 2026, சனி

கார்த்தி: எல்லாருக்கும் ஒரு விஷயம். நம்ம பழைய ஆல்ட்டோவை வாங்க ஆள் வந்தாச்சு, புதன்கிழமை ஓட்டிட்டுப் போறாங்க. வெள்ளிக்கிழமை ஆடி பொறக்குது. அதுக்குள்ள புது வண்டிக்கு அட்வான்ஸ் குடுத்தே ஆகணும்னு அம்மா ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. சின்ன வண்டி வேணும், ஓட்ட ஆசையா இருக்கணும், டெலஸ்கோப் ஏறணும். ஆன்ரோடு 10 லட்சத்துக்குள்ள.

மணி பெரியப்பா: வேகன் ஆர்

கௌதம்: போலோ

சுதா அக்கா: டெலஸ்கோப்பா? இன்னும் வெச்சிருக்கியா அத?

கார்த்தி: வெச்சிருக்கேன்க்கா. எட்டு இஞ்ச் டாப்சோனியன், மரப்பெட்டி மேல உக்காந்து சுத்துற கண்ணாடி டெலஸ்கோப். மொட்டை மாடியில தெரு லைட்டுக்கு நடுவுல வெச்சு நிலாவையும் வியாழனையும் மட்டும் பாத்துட்டிருக்கேன். ஜவ்வாது மலையில காவலூர் பக்கம் போனாத்தான் அதோட அருமை தெரியும். இந்தியாவோட 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986ல அங்க கொண்டு வெச்சது சும்மா இல்ல, அவ்வளவு இருட்டு அந்த மலை.

சுதா அக்கா: சரிடா சரிடா

மணி பெரியப்பா: வேகன் ஆர் டிக்கி 341 லிட்டர். உயரமும் இருக்கு. பேசாம எடு.

கார்த்தி: பெரியப்பா, லிட்டர் கணக்கை மட்டும் பாத்தா ஏமாந்துடுவோம். மூலை முடுக்கு எல்லாம் சேத்துத்தான் அந்த அளவு. நம்ம சாமான் ரெண்டு. குழாய் 118 செ.மீ நீளம், 23 செ.மீ விட்டம், 9 கிலோ. அதைத் தாங்குற மரப்பெட்டி 50 அகலம், 66 உயரம், 11 கிலோ. கூட ஐபீஸ் (கண் வெச்சுப் பாக்குற லென்ஸ்) பெட்டி, மடக்கு நாற்காலி, பாய், பிளாஸ்க். டிக்கி வாய் எவ்வளவு அகலம், வாசல்ல எவ்வளவு உயரம் தூக்கி உள்ள இறக்கணும், பின் சீட் எப்படி மடங்குது, இதான் கேள்வி. குழாயைப் பின் சீட்டுல குறுக்கால படுக்க வெச்சு பெல்ட் போடலாம், நான் பாத்து வெச்சிருக்கிற ஸ்விஃப்ட்டுல கதவுக்கும் குழாய்க்கும் ரெண்டு விரல் இடம் மிஞ்சுது. ஆனா அப்ப பின்னால ஒருத்தரும் உக்கார முடியாது. நானும் பக்கத்து சீட்டுல ஒருத்தரும்தான்.

கௌதம்: எப்படிடா அளந்த

கார்த்தி: ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி இருந்துச்சுல்ல. அதை வெட்டி குழாய் அளவுக்கு ஒண்ணு, மரப்பெட்டி அளவுக்கு ஒண்ணு செஞ்சு ஷோரூமுக்கு எடுத்துட்டுப் போனேன். அங்க இருந்த பையன் மொதல்ல ஒரு மாதிரி பாத்தான், அப்புறம் அவனே டிக்கித் தட்டைக் கழட்டிக் குடுத்து, அட்டையை மறு முனையில பிடிச்சுக்கிட்டான். நிமிர்த்தி வெச்சா டிக்கி சாத்தல. பெட்டியைப் படுக்க வெச்சா சாத்துது.

உமா சித்தி: கௌதம், பிரியா வீட்டுல எப்ப வந்து அழைக்கிறாங்க? வியாழனா?

கௌதம்: வியாழன் சாயங்காலம் சித்தி

உமா சித்தி: தலை ஆடி. உனக்கும் வேட்டி சட்டை எடுத்து வெச்சிருப்பாங்க. வெறுங்கையோட அனுப்பக் கூடாது, பூ பழம் இங்க இருந்தே வாங்கிக்கலாம்

சுதா அக்கா: அம்மா பலகாரம் நான் பாத்துக்கறேன், அதிரசம் யார் செய்றது

மணி பெரியப்பா: அதிரசத்தை விடுங்க. கார்த்தி, சிஎன்ஜி எடு. பெட்ரோல் விக்கிற விலையில.

கார்த்தி: சிஎன்ஜி எடுத்தா சிலிண்டர் டிக்கியிலதான் உக்காரும் பெரியப்பா. டாட்டாவுல ரெண்டு சின்ன சிலிண்டரா தளத்துக்கு அடியில வெக்கிறாங்க, அதுலயும் ஆல்ட்ரோஸ் 345 லிட்டர்ல இருந்து 210க்கு இறங்குது. என் மரப்பெட்டி வெளியில நிக்கும்.

மணி பெரியப்பா: நீ மாசம் ஒரு தடவை நட்சத்திரம் பாக்கப் போறதுக்கு, தினமும் பெட்ரோல் போடுவியா?

கார்த்தி: தினமும் ஆபீஸுக்கு பஸ்ஸுதானே பெரியப்பா. வண்டி எடுக்கிறதே மலைக்கும் ஊருக்கும்.

கௌதம்: அதான் போலோன்னேன். கையில அப்படியே நிக்கும்

கார்த்தி: 2022லயே நிறுத்திட்டாங்க. செகண்ட்ஸ்லதான் கிடைக்கும், அம்மா செகண்ட்ஸ் வேணாம்னுட்டாங்க. ஐ20 என் லைன் ஓட்டிப் பாத்தேன். 998 சிசி டர்போ, 120 பிஎஸ், 311 லிட்டர் டிக்கி. மனசு அங்கயே நின்னுடுச்சு. ஆனா ஆன்ரோடு 10ஐ தாண்டுது. ஸ்விஃப்ட் 82 பிஎஸ்தான், ஆனா எடை ஆயிரம் கிலோவுக்குள்ள. ஏலகிரியில 14 கொண்டை ஊசி, செகண்ட் கியர்ல போட்டுத் திருப்பினா சொன்ன பேச்சு கேக்குது. வேகன் ஆர் உயரம், வளைவுல சாயும். டெலஸ்கோப் குழாய்க்குள்ள கண்ணாடி இருக்கு பெரியப்பா, ஒவ்வொரு குலுக்கலுக்கும் அதோட நேர் கலைஞ்சுடும், மேல போய் அரை மணி நேரம் திருகாணி திருகணும்.

சுதா அக்கா: இவ்வளவு நீளமா எழுதாத, பாப்பாவுக்கு சோறு ஊட்டிட்டிருக்கேன்

மணி பெரியப்பா: வரி என்ன? போன செப்டம்பர் 22ல கொறச்சாங்களே.

கார்த்தி: 18 சதவீதம். பெட்ரோல் 1200 சிசிக்குள்ள, நீளம் 4 மீட்டருக்குள்ள இருக்கணும். ஸ்விஃப்ட் அதுல வருது.

அம்மா: வண்டி எதுவா இருந்தாலும் ஆடியில வீட்டுக்கு வரக் கூடாது

உமா சித்தி: அக்கா, ஆடிப்பெருக்கன்னிக்கு எடுக்கலாமே. தங்கமே எடுக்கிறாங்க அன்னிக்கு

அம்மா: ஆகஸ்ட் 3 திங்கக்கிழமை. அவங்க அப்பாவைக் கேக்கணும்

கார்த்தி: பெருக்குக்குக் கிடைச்சா எனக்கு அதைவிட சந்தோஷம் இல்ல. ஆகஸ்ட் 12 ஆடி அமாவாசை. அன்னிக்கு ராத்திரிதான் பெர்சீட்ஸ் எரிநட்சத்திர மழை உச்சம். நிலா துளியும் இல்ல. இப்படி ரெண்டும் ஒண்ணா அமையறது எப்பவாவதுதான். மழையைப் பாக்க வெறும் கண்ணே போதும், ரெண்டு மணிக்கு மேல வடகிழக்கைப் பாத்துப் பாயில படுத்துக்கலாம். அதுக்கு முன்னாடி, பத்து மணிக்கு மேல சனி எழும்பும், அதை டெலஸ்கோப்புல.

உமா சித்தி: பாட்டி கேக்கறாங்க, அன்னிக்கு கிரகணமாமே?

கார்த்தி: சூரிய கிரகணம் சித்தி, ஸ்பெயின், ஐஸ்லாந்துல முழுசாத் தெரியும். நமக்கு அப்ப ராத்திரி, இங்க தெரியாது.

மணி பெரியப்பா: கிரகணம்னதும் ஞாபகம் வருது. 2019 டிசம்பர் 26, திண்டுக்கல். என் வண்டி பின் சீட்டு.

கார்த்தி: பெரியப்பா அந்தக் கிழிசலுக்கு நான் அப்பவே காசு குடுத்தேன்

மணி பெரியப்பா: காசு குடுத்த. சீட்டு அப்படியேதான் இருக்கு.

அம்மா: அப்பா இல்லாதப்ப சேத்தக் ஸ்கூட்டரை யாரையும் கேக்காம வித்தது மட்டும் நல்லாருந்துச்சா மாமா?

உமா சித்தி: அக்கா விடுங்க

சுதா அக்கா: 🙏

மணி பெரியப்பா: அது ஓடாத வண்டி.

கௌதம்: ஆகஸ்ட்ல மேகம்தானேடா இருக்கும்?

கார்த்தி: இருக்கும். ஜவ்வாது மலையில சாயங்காலம் இடி மழை பெய்யும். சில நாள் நடு ராத்திரிக்கு மேல வானம் கழுவி விட்ட மாதிரி தெளியும். நிச்சயமான வானம்னா தை, மாசிதான். ஆனா தாத்தாவுக்குத் தர்ப்பணம் குடுத்த அன்னிக்கு ராத்திரி பாட்டியைக் கூட்டிட்டுப் போகணும்னு இருக்கு. மொட்டை மாடியில ஆறாமீன் (கார்த்திகை) கூட்டத்தைக் காட்டி விடிய எவ்வளவு நேரம்னு சொல்வாரே. நாலரை மணிக்கு அது கிழக்குல நல்லா மேல ஏறிடும்.

அம்மா: பாட்டி எங்க உக்காருவாங்க, குழாய் மேலயா?

கார்த்தி: அதுக்குத்தான்மா 60:40 சீட்டு கேக்கறேன். சின்னப் பாதியை மட்டும் மடிச்சா குழாய் டிக்கியில இருந்து நீளவாக்குல படுத்துக்கும், மரப்பெட்டி பக்கத்துல. மீதிப் பின் சீட்டுல ரெண்டு பேர், முன்னால ரெண்டு பேர். மொத்தமா ஒரே பலகையா மடங்குற சீட்டு இருந்தா இது நடக்காது. எந்த வேரியண்ட்ல பிரிஞ்சு மடங்குதுன்னு பேப்பர்ல பாக்காம கையால மடிச்சுப் பாத்துட்டுத்தான் அட்வான்ஸ்.

உமா சித்தி: பாட்டி சொல்றாங்க, முன் சீட்டுன்னா வரேன்னு. கால் நீட்டணுமாம்

மணி பெரியப்பா: நாளைக்கு எத்தன மணிக்கு ஷோரூம்?

கார்த்தி: பத்தரை

மணி பெரியப்பா: நானும் வரேன். அந்த அட்டையை எடுத்துக்க. வேகன் ஆரையும் ஒரு தடவை அளந்து பாத்துடு.

கார்த்தி: சரி பெரியப்பா, அளந்துடலாம்

அம்மா: ராகு காலம் நாலரைக்குதான், காலையில பரவால்ல

கௌதம்: கலர்?

சுதா அக்கா: சிவப்பு

அம்மா: வெள்ளை

உமா சித்தி: அதிரசம் யாருன்னு யாரும் சொல்லவே இல்ல