ஊர்ப் பழைய மாதா கோயிலை இடிக்கப் பேச்சு, காப்பாற்ற வழி உண்டா?

தென்காற்று:
எங்கள் ஊர் நெல்லைப் பக்கம் ஒரு சின்ன கிராமம். கோயிலும் சின்னதுதான், சுண்ணாம்புச் சுவர், மங்களூர் ஓடு, முன்னால் ஒரு மணிக்கூண்டு. கட்டிய வருஷம் யாருக்கும் தெரியாது, பாட்டிக்கு ஞானஸ்நானம் இங்கேதான் கொடுத்தார்கள். சில வருஷம் முன் சுவர் முழுக்க சிமெண்ட் பூசினார்கள், அதிலிருந்து ஓதம் ஏறி அடிச்சுவர் உப்புப் பொரிந்து உதிர்கிறது. இனித் தாங்காது, இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டலாம் என்கிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. பங்குக் கூட்டத்தில் என்ன சொல்லிப் பேசுவது?

காரைக்கொத்து:
சுவரைக் கெடுத்ததே அந்த சிமெண்ட்தான். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும், மேலே சிமெண்ட் பூசினால் தரையிலிருந்து ஏறுகிற ஈரம் போக வழியில்லாமல் செங்கல்லுக்குள்ளேயே நிற்கும். அதைக் கொத்தி எடுங்கள், ஒரு கோடை முழுக்கச் சுவர் காயட்டும், அப்புறம் சுண்ணாம்பே பூசுங்கள். அதற்கு முன்னால் கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் வழி செய்யுங்கள். கடுக்காய், கருப்பட்டி சேர்த்துக் காரை அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் செட்டிநாட்டுப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.

ஓட்டுவீடு:
வயதைக் கண்டுபிடிக்க ஒரு ஓட்டைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள், ஓட்டாலை பெயர் அச்சாகியிருக்கும். பாசல் மிஷன் என்கிற ஐரோப்பிய கிறிஸ்தவ சபையார் ஆலை ஓட்டில் 1865 என்று இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள், அது மங்களூரில் ஆலை தொடங்கிய வருஷம். மணியிலும் வருஷம் வார்த்திருக்கலாம். பழைய ஞானஸ்நானப் பதிவேட்டையும் பார்க்கக் கேளுங்கள்.

மறைவாசகன்:
கூட்டத்துக்குத் திருச்சபைச் சட்டப் புத்தகத்தைக் கையோடு கொண்டு போங்கள். 1983 தொகுப்பில் 1216-ஆம் சட்டம், கோயில் கட்டவும் பழுதுபார்க்கவும் நிபுணர்களின் ஆலோசனை வேண்டும் என்கிறது. பழமையான சுரூபங்களை, அதாவது புனிதர் சிலைகளை, புதுப்பிப்பதற்கு ஆயரின் எழுத்து அனுமதியே வேண்டும், அது 1189. பங்குச் சாமியாரிடம் சண்டையாகப் பேசாமல் இதைக் காட்டிக் கேளுங்கள்.

பனங்காடு:
இன்னொன்று. யார் எங்கே உட்கார்ந்தார்கள், எந்த வாசல் யாருக்கு என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். உங்கள் நெல்லைப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோயிலுக்குள் சாதி பிரித்துச் சுவரே இருந்தது, 1910-இல்தான் அதை எடுத்தார்கள். வலிக்கிற கதைதான், ஆனால் கட்டடம் போனால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

தென்காற்று:
எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு பூசை முடிந்ததும் ஏணி போட்டு ஓட்டைப் பார்க்கிறேன். எங்கள் கோயிலிலும் வடக்கே ஒரு கதவு உண்டு, எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பூட்டியே கிடக்கிறது. ஏன் என்று இதுவரை நான் யாரிடமும் கேட்டதில்லை.